அலையாத்திக் காடு நடந்து வந்த கதையும், கடலுக்குப் போற தண்ணியும்

சம்பா நடவு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நம்ம விவசாயிகள்ல பல பேருக்கு இது பிடிக்காது. பிடிக்காட்டியும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க.

வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில டிவியிலயும் பேப்பர்லயும் ஒரு செய்தி வரும். "கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." சங்கக் கூட்டத்துலயும் அதே பேச்சுதான். ஒரு சொட்டு கூட கடலுக்குப் போகக்கூடாது, தடுப்பணை கட்டு, கதவு போடு. நான் சொல்ல வர்றது இதுக்கு நேர் எதிர். கடலுக்குப் போற தண்ணி எல்லாம் வீண் இல்லை. அதுல ஒரு பங்கு நம்ம கடைமடை நிலத்தைக் காப்பாத்துற கூலி. அந்தக் கூலியைக் குடுக்காம விட்டா கடல் வந்து நம்ம வீட்டு வாசல்ல கேட்கும்.

இதைச் சொல்றதுக்கு எனக்கு ஆதாரம் அலையாத்திக் காடு. முத்துப்பேட்டைக்கு வடக்கே இருக்கிற எங்க ஊர்க்காரங்களுக்கு அது புதுசு இல்லை. லகூன்ல படகுல போய்ப் பார்த்துட்டு வர்றவங்க பச்சையா அழகா இருக்குன்னு சொல்வாங்க. ஆனா அந்தக் காடு ஒரே இடத்துல நின்ன காடு இல்லைங்க. கடல் ஏறும்போது பின்னாடி வந்து, கடல் நின்னபோது முன்னாடி போய், இப்படி நடந்துகிட்டே இருந்த காடு. அந்தக் கதை தெரிஞ்சாதான் இன்னைக்கு அது ஏன் சிக்கல்ல இருக்குன்னு புரியும்.

சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி பூமியில பனி அதிகம். வடக்கே கண்டம் கண்டமா பனிப்பாறை. கடல் தண்ணியில ஒரு பங்கு பனியா உறைஞ்சு கிடந்ததால கடல் மட்டம் இப்ப இருக்கிறதை விட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்துச்சு. நம்ம பாக் நீரிணை பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு மீட்டர் ஆழம்தான். அப்படின்னா அன்னைக்கு அது கடலே இல்லை, தரை. இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். இன்னைக்கு முத்துப்பேட்டையில நிக்கிற அலையாத்திக்கு அன்னைக்கு இங்க வேலையே இல்லை. உப்புத் தண்ணி ஏறி இறங்குற இடத்துலதானே அது நிக்கும்? அந்த இடம் எங்கேயோ தூரத்துல இருந்துச்சு.

அப்புறம் பனி உருகிச்சு. கடல் ஏற ஆரம்பிச்சுது. பல ஆயிரம் வருஷம் வருஷத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேலேயே ஏறியிருக்கு. 10 மில்லிமீட்டர்னா ஒரு விரல் அகலம் கூட இல்லை, இதுல என்ன இருக்குன்னு தோணும். முப்பது வருஷத்துக்குக் கணக்குப் போடுங்க. 30 சென்டிமீட்டர், ஒரு அடி. நம்ம வயல் வரப்போட உயரம். ஒரு தலைமுறைக்கு ஒரு வரப்பு உயரம் கடல் ஏறினா, கரையில நிக்கிற மரம் என்ன பண்ணும்?

இங்கதான் அலையாத்தியோட வேலையைப் புரிஞ்சுக்கணும். சேத்துக்கு மேல பென்சில் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குதே, அது மூச்சுவேர். அது வழியாத்தான் மரம் மூச்சு விடுது. தண்ணி ஏறும்போது கொஞ்ச நேரம் மூழ்கலாம், இறங்கினதும் வெளியே தெரியணும். எந்நேரமும் மூழ்கிக் கிடந்தா மரம் செத்துடும். அதனால கடல் ஏறும்போது தன் காலடி நிலத்தையும் மரம் சேர்ந்தே உசத்திக்கணும். எப்படின்னா, ஆறு கொண்டு வர்ற வண்டலை வேருக்கு நடுவுல பிடிச்சு வைக்கும். பழைய வேரு சேத்துக்குள்ள காத்து இல்லாம மக்காம அப்படியே கிடந்து அதுவும் மண்ணோட சேரும். தூர் வாராத வாய்க்கால் நாலு வருஷத்துல மேடாயிடுதே, அதே கணக்கு. அங்க நமக்குத் தொந்தரவு, இங்க காட்டுக்கு அதுதான் உசிரு.

ஆனா அதுக்கும் ஒரு வேகம் உண்டு. ஆஸ்திரேலியாவுல மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் செயின்டிலனும் கூட இருந்தவங்களும் 2020ல 'சயின்ஸ்' பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. உலகத்துல 78 இடங்கள்ல, கடந்த 10,000 வருஷத்து அலையாத்திச் சேத்து மண்ணோட கணக்கை எடுத்துப் பார்த்திருக்காங்க. கடல் வேகமா ஏறின காலத்துல காடு நிலைச்சு நிலத்தை உசத்த முடியலை. ஏற்றத்தோட வேகம் குறைஞ்ச பிறகுதான் காடு கால் ஊன்றி, மண்ணு சேர்த்து, அகலமா பரவியிருக்கு. வருஷத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டரைத் தாண்டினா காட்டால ஈடு குடுக்க முடியாதுன்னு அவங்க முடிவு.

அந்த வேகம் தணிஞ்சது சுமார் 7,000, 6,000 வருஷத்துக்கு முன்னாடி. கடல் ஏறத்தாழ இன்னைக்கு இருக்கிற மட்டத்துக்கு வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் நம்ம டெல்டாவோட முன்பக்கம் வளர ஆரம்பிச்சுது. திருத்துறைப்பூண்டியில இருந்து வேதாரண்யம், கோடியக்கரை போற வழியைக் கவனிச்சிருக்கீங்களா? மணல்மேடு, பள்ளம், மறுபடி மணல்மேடுன்னு வரிசையா வரும். மேட்டுல மா, முல்லை, புகையிலை. பள்ளத்துல நெல்லு. அந்த ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. அதுல இருக்கிற சிப்பியை வச்சு வயசு பார்த்திருக்காங்க. உள்பக்க மேடு சுமார் 6,000 வருஷம், கோடியக்கரை பக்கம் வர வர சுமார் 1,000 வருஷம். கடல் பின்வாங்கப் பின்வாங்க நிலம் முன்னாடி போயிருக்கு. எங்க ஊர்ல குட்டை வெட்டினாலே கருஞ்சேறும் சிப்பியும் வரும். சின்னப் பிள்ளையில அதை விளையாட்டுச் சாமானா எடுத்துக்குவோம். நாம நெல்லு போடுற பூமி ஒரு காலத்துல கடல் முகம்னு அந்தச் சிப்பிதான் சொல்லுது.

சிதம்பரத்தையும் பாருங்க. பழைய பேரு தில்லை. தில்லை மரம் அலையாத்திக் காட்டு இனம். பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னு பயப்படுவாங்களே, அந்த மரம். கோயிலுக்குத் தலமரம் அதுதான். இன்னைக்கு தில்லையைக் காடா பார்க்கணும்னா கிழக்கே பிச்சாவரம் போகணும். தெற்கே கொற்கை பாண்டியன் காலத்துல துறைமுகம். இப்ப கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. தாமிரபரணி கொண்டு வந்த மண்ணு கரையைத் தள்ளிருச்சு. ஆத்து மண்ணுக்கும் கடலுக்கும் நடக்கிற இழுபறியில கரை எந்தக் காலத்துலயும் ஒரு இடத்துல நின்னது இல்லை.

வேற நாட்டுக் கதையும் ரெண்டு சொல்றேன். ஆஸ்திரேலியாவோட வட பகுதியில சவுத் அலிகேட்டர்னு ஒரு ஆறு. சுமார் 6,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல் ஏறி நின்ன சமயத்துல, அந்த ஆத்துச் சமவெளி முழுக்க அலையாத்திக் காடு. 'பெரிய சதுப்பு'ன்னே விஞ்ஞானிங்க அந்தக் காலத்துக்குப் பேர் வச்சிருக்காங்க. அப்புறம் கடல் ஏறலை, ஆனா வண்டல் மட்டும் சேர்ந்துகிட்டே இருந்துச்சு. நிலம் உசந்து உசந்து உப்புத் தண்ணி எட்டாம போச்சு. காடு செத்து, நல்ல தண்ணிப் புல்வெளி ஆயிடுச்சு. அதாவது கடல் ரொம்ப வேகமா ஏறினாலும் காடு அழியும். ஏறவே ஏறாம நின்னாலும், தானே சேர்த்த மண்ணுல காடு தன் இடத்தை இழந்து கடல் பக்கமா நகரணும்.

இன்னொண்ணு மெக்சிகோவுல. டபாஸ்கோ மாநிலத்துல சான் பெட்ரோ மார்டிர்னு ஒரு ஆறு. கடல்ல இருந்து 170 கிலோமீட்டர் உள்ளே, நல்ல தண்ணியில, கடற்கரை அலையாத்தி மரம் நிக்குது. 2021ல அதை ஆராய்ஞ்சவங்க சொன்னது, சுமார் 1,25,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் இன்னைக்கு இருக்கிறதை விட சில மீட்டர் உசந்து இருந்தப்ப அங்க வந்த காட்டோட மிச்சம் அதுன்னு. கடல் திரும்பிப் போயிடுச்சு, மரம் தங்கிடுச்சு. நம்ம நாட்டுலயும் குஜராத் கட்ச் மாவட்டத்துல குனேரிங்கிற ஊர்ல கடலை விட்டு எவ்வளவோ உள்ளே அலையாத்தித் தோப்பு ஒண்ணு நிக்குது. 2025ல அதைப் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க.

இதெல்லாம் கேட்டதும் சில பேரு, "பார்த்தீங்களா, கடல் ஏறுறதும் இறங்குறதும் இயற்கை. அன்னைக்கே 120 மீட்டர் ஏறினதுக்கு அலையாத்தி அழிஞ்சு போகலை. இப்ப கொஞ்சம் ஏறினா என்ன கெட்டுப் போச்சு"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் நான் பதில் சொல்லணும்.

அன்னைக்குக் காடு பிழைச்சதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, பின்னாடி இடம் இருந்துச்சு. கடல் ஏறினா விதை அலையில மிதந்து உள்ளே போய் ஒதுங்கும், அங்க முளைக்கும். பழைய காடு செத்தாலும் புதுக் காடு பின்னாடி கிளம்பிடும். வரப்பு இல்லை, ரோடு இல்லை, பட்டா இல்லை. ரெண்டாவது, ஆறு தடையில்லாம வண்டல் கொண்டு வந்துச்சு. இன்னைக்கு இந்த ரெண்டையும் நாம அடைச்சுட்டோம்.

பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. உப்பளம், இறால் குட்டை, கரை போட்ட ரோடு, அதுக்கப்புறம் நம்ம வயல். 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளைப் பத்திக் கடுமையா தீர்ப்பு குடுத்துச்சு. அப்புறம் 2005ல தனிச் சட்டம் வந்து உரிமம் குடுத்து நடத்துறாங்க. நோய் வந்து, நட்டம் வந்து, போட்டபடி விட்டுட்டுப் போன குட்டைகளும் நிறைய கிடக்கு. நெல்லுக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது. கரை நிக்கிறதால உப்புத் தண்ணி ஏறி இறங்காது. விதை உள்ளே வராது.

வண்டலுக்கு என்ன ஆச்சு? மேட்டூர் அணை 1934ல முடிஞ்சுது. அதுக்கு மேலயும் அணைகள். வண்டல் அணையிலயே தங்கிடுது. அணைக்குக் கீழே ஆத்து மணலையும் அள்ளிட்டோம். வர்ற வெள்ளத்துலயும் பெரும் பங்கு முக்கொம்புல கொள்ளிடத்துல திரும்பிடும். கொள்ளிடம் வெள்ளம் வடியிற ஆறு, அதுல தப்பு இல்லை. ஆனா முத்துப்பேட்டை லகூனுக்கு வர்ற பாமணியாறு, கோரையாறு இதுல எல்லாம் மழைக்காலத்துல வயல்ல வடியிற தண்ணிதான். மத்த மாசம் அங்க நல்ல தண்ணியே கிடையாது. அதனாலதான் முத்துப்பேட்டையில உப்பைத் தாங்குற வெண்கண்டல்தான் காட்டுல பெரும்பாலும் நிக்குது. சுரபுன்னை மாதிரி மத்த மரம் எல்லாம் பிச்சாவரத்துல நிறைய பார்க்கலாம், இங்க குறைவு.

இந்த நிலைமையில கடல் மட்டம் இப்ப வருஷத்துக்கு சுமார் 4 மில்லிமீட்டர் ஏறிகிட்டு இருக்கு. உலகச் சராசரி அது. போன நூற்றாண்டுல இதுல பாதி கூட இல்லை. இன்னும் சூடு கூடினா 6, 7னு போகலாம்னு சொல்றாங்க. காட்டால தாங்க முடியாத எல்லை எவ்வளவுன்னு மேலே சொன்னேனே, அதுகிட்ட வந்துகிட்டு இருக்கோம்.

காடு போனா நமக்கு என்னன்னு கேட்கிற விவசாயிக்கு ரெண்டு விஷயம். 2004 சுனாமியில பிச்சாவரம் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்களுக்குச் சேதம் குறைவுன்னு அந்தப் பக்கத்து ஜனங்களே சொல்வாங்க. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல நம்ம தென்னை சாய்ஞ்சதை யாரும் மறக்க மாட்டோம். அன்னைக்கு முத்துப்பேட்டை காடும் அடி வாங்குச்சு. அது முன்னாடி நின்னு வாங்கினது போக மிச்சம்தான் நமக்கு வந்தது. அலையை ஆத்துறதாலதான் அலையாத்தின்னு பேரே.

ரெண்டாவது, வடிகால். கடைமடையில சம்பா அழுகுறது மழையால மட்டும் இல்லை. கடல் ஏறி நிக்கிறப்ப ஆத்துத் தண்ணி வடியாது. கதவைத் திறந்தா உப்பு உள்ளே வருது, மூடினா மழைத்தண்ணி வயல்ல நிக்குது. ஒவ்வொரு வருஷமும் நாலு நாள் கூட நிக்குது. கடல் இன்னும் அரை அடி உசந்தா நம்ம சம்பா கதி என்னன்னு யோசிங்க. போர் போட்டா உப்புத் தண்ணி வர்ற ஊரு இப்பவே எத்தனை இருக்கு. காட்டுக்கு வந்த வியாதியும் நம்ம வயலுக்கு வந்த வியாதியும் ஒண்ணுதாங்க. மேலேருந்து நல்ல தண்ணியும் வண்டலும் வர்றது நின்னுச்சு, கீழேருந்து உப்பு ஏறுது.

அதனால என் கருத்தை மூணா சொல்லிடறேன்.

முதல்ல, கடலுக்கு ஒரு பங்கு தண்ணியை உரிமையா கேட்கணும். இது நான் புதுசா சொல்றது இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்புல 740 டி.எம்.சி.யைப் பங்கு பிரிக்கும்போது, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாம கடலுக்குப் போறதுக்கு 4 டி.எம்.சி.ன்னு ஒதுக்கி வச்சாங்க. 2018ல உச்ச நீதிமன்றம் நம்ம பங்கைக் குறைச்சப்பவும் அந்த 14ஐத் தொடலை. நம்ம பங்கு 404.25 பத்தி எல்லாருக்கும் தெரியும். இந்த 14 பத்தி எந்தக் கூட்டத்துலயாவது யாராவது பேசினது உண்டா? குறுவைக்குத் தண்ணி இல்லாத ஜூன், ஜூலையில கடலுக்கு விடுங்கன்னு நான் கேட்கலை. அப்படிக் கேட்டா என் வயலும் சேர்ந்துதான் காயும். மழைக்காலத்துல கொள்ளிடத்துல மொத்தமா போற வெள்ளத்துல ஒரு பங்கை, ஊரு தாங்குற அளவு பார்த்து, வண்டலோட கடைமடை ஆறுகள் வழியா லகூனுக்கு அனுப்புங்கன்னு கேட்கிறேன். அதுக்கு ஆறும் வாய்க்காலும் தூர் வாரி இருக்கணும். அது நமக்கும் நல்லதுதானே.

ரெண்டாவது, காட்டுக்குப் பின்னாடி இடம் விடணும். கைவிட்ட இறால் குட்டை, ஓடாத உப்பளம், புறம்போக்கு, இதையெல்லாம் மறுபடி குத்தகைக்கு விடாம கரையை அங்கங்க உடைச்சு விட்டாலே போதும். தண்ணி ஏறி இறங்கினா விதை தானே வரும். பட்டா நிலத்துல உப்பு ஏறி விளைச்சல் போனவங்க இருக்காங்க. அவங்களை நிலத்தை விடுன்னு சும்மா சொல்றது அநியாயம். விருப்பப்பட்டவங்களுக்கு வருஷா வருஷம் விளைச்சலுக்கு ஈடா பணம் குடுத்து, நிலம் அவங்க பேர்லயே இருக்கட்டும். காடு வளர்த்துக் குடுக்கிறதும் ஒரு விவசாயம்னு வச்சுக்க வேண்டியதுதான்.

மூணாவது, கன்று நடுற கணக்கை மட்டும் காட்டுறதை நிறுத்தணும். அலையாத்தி தினம்னு வந்தா ஆயிரம் கன்று நட்டு போட்டோ எடுப்பாங்க. அடுத்த வருஷம் அங்க போய்ப் பார்க்க ஆள் இருக்காது. பிச்சாவரத்துல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து காட்டை மொட்டையா வெட்டினதால நிலம் தட்டு மாதிரி குழிஞ்சு, உப்புத் தண்ணி தேங்கி, வெயில்ல காய்ஞ்சு உப்பு கூடி, ஒண்ணும் முளைக்காம கிடந்துச்சு. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன் முள்ளு மாதிரி கிளை கிளையா வாய்க்கால் வெட்டி தண்ணி ஏறி இறங்க வழி பண்ணினாங்க. அப்புறம்தான் கன்று பிடிச்சுது. தண்ணிக்கு வழி பண்ணாம நாத்து நட்டா பிடிக்காதுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடவே, சேத்து மட்டம் வருஷத்துக்கு எவ்வளவு உசருதுன்னு அளந்து, கடல் மட்டத்தோட ஒப்பிட்டு ஊருக்குச் சொல்லணும். மீன்பிடிக்கிறவங்களையும் கடைமடை விவசாயிகளையும் அந்த வேலையில சேர்த்துக்கிட்டா செலவும் குறைவு, கவனமும் கூட இருக்கும்.

இதுக்கு அரசாங்கம் காசு இல்லைன்னு சொல்லும். கடலரிப்புக்குக் கல்லு கொட்டுறதுக்கு எவ்வளவு செலவாகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லட்டும். கல்லு கொட்டின இடத்துக்குப் பக்கத்துல கடல் இன்னும் கொஞ்சம் அரிக்கும், அங்கயும் கொட்டணும். காடு தன்னைத்தானே உசத்திக்கும், நாம வழியை மறிக்காம இருந்தா.

அடுத்த கிராம சபையில இந்த 14 டி.எம்.சி. விஷயத்தைக் கேள்வியா வைக்கப் போறேன். பாமணியாறு, கோரையாறு கரை ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா உங்க ஊர் சபையிலயும் இதைக் கேளுங்க. நான் சொன்னது தப்புன்னு தோணினா கீழே எழுதுங்க. கடலுக்கு ஒரு சொட்டும் விடக்கூடாதுன்னு சொல்றவங்க, உங்க ஊர் வடிகால் மதகுல கார்த்திகை மாசம் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு நாள் நின்னு பார்த்துட்டு எழுதினா நல்லது.